அக்காவின் நோட்டும் ஓர் ஏகாரமும்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, இடது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஆறு முறை சொட்டு மருந்து. விடுகிறவள் என் மனைவி. மணி தவறுவதில்லை, குறிதான் தவறுகிறது, பாதி மருந்து காதுக்குப் போகிறது. கட்டு அவிழ்த்த அன்று சமையலறைச் சுவரைப் பார்த்து, "எப்போது வெள்ளை அடித்தீர்கள்?" என்று கேட்டேன். அடித்து நான்கு வருடம் ஆகிறதாம். இத்தனை நாளும் அதைப் பழுப்பு என்று நினைத்துக்கொண்டு வர்ணம் அடித்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உன் முழங்கால் உத்திர வீதியை ஒரு சுற்று தாங்குகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் வீரம் காட்டாதே. பேத்தி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம்.

அக்கா போனதற்கு நீ எழுதிய இரண்டு பக்கத்தையும் மறுபடி வாசித்தேன். நம் விடுதி நாட்களில் அவள் கொடுத்தனுப்பிய முறுக்குப் பாத்திரத்தை நீ இன்னும் திருப்பித் தரவில்லை என்பது உனக்கு நினைவிருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். ஆனால் கடைசியில் ஒரு முள்ளையும் வைத்திருந்தாய். "அக்கா செய்யாத நல்ல காரியம் இல்லை. அவளையும், சாகும் நேரத்தில் மனம் திரும்பிய ஒரு கொலைகாரனையும் உங்கள் மதம் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறதே, இது என்ன நியாயம்?" நீ இதை 1974இலேயே கேட்டாய். அப்போது நான் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனத்தை ஒப்பித்து உன் வாயை அடைத்தேன். இப்போது அப்படிச் செய்ய முடியவில்லை. காரணம் அக்காவின் நோட்டு.

அடக்கம் முடிந்து, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் அவள் வீட்டை ஒழித்தோம். இரும்புப் பெட்டியில், திருமணப் புடவைக்கு அடியில், நீள நோட்டுகள் ஒன்பது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, அதற்கு நேரே செய்தது. பிடி அரிசி அரைப் படி. உனக்குத் தெரியாதே: எங்கள் பக்கம் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதன் கீழே, ஆஸ்பத்திரியில் மூன்று பேரைப் பார்த்தது. பள்ளிப் பிள்ளைக்குச் சட்டைத் துணி. அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துக்கு, வெங்காயம் உரித்தது, இரவு இரண்டு மணி வரை. மாதக் கடைசியில் கூட்டி, இரட்டைக் கோடு போட்டிருந்தாள். அந்த இரட்டைக் கோட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். 36 வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவன் வேறு எதைச் சொல்லிக்கொடுப்பான்?

கடைசி நோட்டின் கடைசி மூன்று மாதங்கள் படுக்கையில் கழிந்தவை. மூன்று பக்கத்திலும் கோணல் எழுத்தில் ஒரே வரி: "இந்த மாதம் ஒன்றும் இல்லை." அதற்கும் கீழே இரட்டைக் கோடு.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு அவள் என்னிடம், "தம்பி, போதுமா?" என்றாள். தலையணையைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "நான் செய்தது போதுமா?" என்றாள். "போதும் அக்கா" என்றேன். கவுண்டரில் பணத்தை எண்ணி முடித்தவன் சொல்வதுபோல. அவளும் தலையாட்டினாள். ஆனால் அவள் நம்பவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ தமிழாசிரியன் என்பதால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் (கடிதம்தான்), 3ஆம் அதிகாரம், 28ஆம் வசனம், எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது: "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்று தீர்மானிக்கிறோம்." நியாயப்பிரமாணம் என்றால் மோசேயின் சட்டம், கிரியை என்றால் செயல், விசுவாசம் என்றால் நம்பிக்கை. "விசுவாசத்தினாலேயே" என்பதில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஏகாரத்தைப் பார்த்தாயா? பவுல் எழுதிய கிரேக்கத்தில் அதற்கு நேரான சொல் இல்லை. சீர்திருத்தச் சபைகளுக்கு வழிவகுத்த மார்ட்டின் லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது, இதே இடத்தில் "மட்டும்" என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தார். வேதத்தில் இல்லாததை நுழைத்துவிட்டான் என்று எதிராளிகள் பிடித்துக்கொண்டார்கள். 1530இல், கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்த நாட்களில், அவர் ஒரு பகிரங்கக் கடிதத்தில் பதில் சொன்னார். உடன்பாடும் மறுப்பும் சேர்ந்து வந்தால் எங்கள் ஜெர்மன் மொழி அந்தச் சொல்லைக் கேட்கும்; குடியானவன் தானியம் மட்டும் கொண்டுவருகிறான், பணம் கொண்டுவரவில்லை என்றுதானே வீட்டில் பேசுகிறோம் என்றார். தமிழ் மொழிபெயர்த்தவர்களுக்கு அந்த வம்பு வரவில்லை. ஓர் ஏகாரத்தில் காரியம் முடிந்துவிட்டது.

அது எந்த ஏகாரம் என்று நீதான் சொல்ல வேண்டும். தேற்றமா, பிரிநிலையா? தேற்றம் என்றால், விசுவாசம் நிச்சயம் வேண்டும் என்று அழுத்துகிறது, அவ்வளவுதான். பிரிநிலை என்றால், மற்ற எல்லாவற்றிலிருந்தும் அதைப் பிரித்து நிறுத்துகிறது. மேற்குத் திருச்சபை கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்று இரண்டாக உடைந்ததற்கு அரசியல், பணம், பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் உபதேசத்தளவில் சண்டை இந்த ஏகாரத்தின் மேல்தான்.

லூத்தர் அந்த இடத்துக்கு எளிதில் வந்துசேரவில்லை. 1505இல் எர்ஃபர்ட் மடத்தில் துறவியாகச் சேர்ந்தவர், உபவாசம், விழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் என்று தன்னை வாட்டிக்கொண்டார். இறப்பதற்கு முந்திய வருடம் அவர் எழுதிய ஒரு முன்னுரையில், "தேவ நீதி" என்ற சொல்லையே தான் வெறுத்ததாகச் சொல்கிறார். நீதி என்றால் தண்டிக்கும் நீதி என்றுதான் அவருக்குக் கற்பித்திருந்தார்கள். பிறகு ஒரு நாள், அது தேவன் மனிதனிடம் கேட்கும் நீதி அல்ல, மனிதனுக்குக் கொடுக்கும் நீதி என்று பிடிபட்டதாம். பரதீசின் வாசல்கள் திறந்ததுபோல் இருந்தது என்கிறார். தமிழ்க் காதிலும் இதே சிக்கல் உண்டு. "நீதிமான்" என்று கேட்டால் நமக்கு நீதிமன்றப் படிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு "கடவுளுக்கு ஏற்புடையவர்" என்று மாற்றியது. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது பிடிக்கிறது.

என்னை உண்மையில் உலுக்கியது அடுத்த அதிகாரம். அங்கே பவுல் யூதர்களின் முற்பிதா ஆபிரகாமை எடுத்துக்கொள்கிறார். அவன் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. "எண்ணப்பட்டது" என்பதற்கு அங்கே இருக்கும் கிரேக்கச் சொல் கணக்கு எழுதுகிறவர்களின் சொல். அந்த ஒரே அதிகாரத்தில் 11 முறை வருகிறது. தமிழில் எண்ணுவது என்றால் கருதுவது, கூட்டிப் பார்ப்பது இரண்டும்தானே! இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் கிடைக்கும்? அதோடு ஒரு வரி: வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபை என்று எண்ணப்படாது, கடன் என்று எண்ணப்படும். 36 வருடம் இதைத்தான் நான் எழுதிவந்தேன் சீனு. மார்ச் 31 அன்று கொடுக்காமல் நிற்கும் கூலி, சங்கத்தின் பொறுப்புகள் பக்கத்தில் வரும். அக்காவின் ஒன்பது நோட்டையும் கூலிக் கணக்காக எடுத்துக்கொண்டால், கடவுளின் பெயரைக் கடன்பட்டவர் பட்டியலில் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், மனதுக்குள்தான். சிரிப்பு வந்தது. பிறகு பயமாக இருந்தது.

யாக்கோபு நிருபத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய் என்று தெரியும். விடுதியில் என் வேதாகமத்தை என்னைவிட அதிகம் வாசித்தவன் நீ. "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்று அவர் போட்டு உடைக்கிறார். "விசுவாசம் மட்டும்" என்ற சேர்க்கை வேதாகமத்தில் வருகிற ஒரே இடம் அதுதான், அதுவும் "அல்ல" என்ற ஒட்டோடு! லூத்தர் எரிச்சலில் அதை வைக்கோல் நிருபம் என்றார். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. யாக்கோபு யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று பார். ஆடையில்லாமல், ஆகாரமில்லாமல் வாசலில் நிற்கிறவனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவனைப் பார்த்து. அவனுடையது விசுவாசமே அல்ல, வாய். பவுல் பேசுவதோ நோட்டு எழுதுகிறவளிடம். ஒரே மருத்துவர் மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒரே மருந்தையா எழுதுவார்? நீ சாப்பிடும் நேரத்தில் இதை வாசித்தால் மன்னித்துக்கொள்.

பூனைக் கட்சியா குரங்குக் கட்சியா என்று நீ கேட்டதற்கு: வைணவத்தில், எல்லாம் இறைவன் அருள் என்று தென்கலைப் பூனை குட்டியைக் கவ்வித் தூக்குவதும், நம் முயற்சியும் வேண்டும் என்று வடகலைக் குரங்கின் குட்டி தாயை இறுக்கிக்கொள்வதும் எங்கள் சண்டைக்கு அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. லூத்தரைப் பூனைப் பக்கம் தயங்காமல் உட்கார வைக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கு எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், ஒரு சிலுவையில் போய் முடிகிறது. அதை எடுத்துவிட்டால் பவுலிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பூர்க்கில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம், அப்படி ஏற்கப்பட்டவர்கள் நற்செயலுக்கு அழைக்கப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். ஏறக்குறைய ஐந்நூறு வருடத்துப் பங்காளிச் சண்டையில் ஒரு வேலி விழுந்தது. எல்லா வேலியும் விழவில்லை.

ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. அக்கா படுத்திருந்தபோது வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து ஜெபித்தார். போகும்போது வாசலில் நின்று, "விசுவாசம் கொஞ்சம் குறைவு, அதனால்தான் சுகம் தாமதிக்கிறது" என்றார். அக்காவின் காதில் விழுந்துவிட்டது. எனக்கு அவரைப் படியிலிருந்து தள்ளிவிடலாமா என்று இருந்தது. கிரியையைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் விசுவாசத்தையே ஒரு கிரியையாக உட்கார வைக்கிறார்கள். அரிசியை அளந்த படியில் இப்போது விசுவாசத்தை அளக்கிறார்கள். அரிசியாவது கண்ணுக்குத் தெரியும்! விசுவாசம் என்பது கூலி வாங்கும் கை அல்ல, ஏந்தும் கை. அது நடுங்கினாலும் விழுகிறது விழத்தான் செய்யும். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனை இயேசு அளந்து பார்க்கவில்லை, அவன் பிள்ளையைக் குணமாக்கினார். லூத்தர் 1546இல் இறந்தபோது அவர் பக்கத்தில் கிடைத்த துண்டுச் சீட்டின் கடைசி வரி, நாம் பிச்சைக்காரர்கள், அது உண்மை, என்று இருந்தது.

உன் கொலைகாரனுக்கு வருகிறேன். எனக்கும் அவனோடு ஒரே பந்தியில் உட்காரக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கொலையுண்டவன் வீட்டாரின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து உவமையில், விடியற்காலையில் வந்தவனுக்கும் பதினோராம் மணிக்கு, அதாவது வேலை முடியப்போகும் சாயங்காலத்தில், வந்தவனுக்கும் ஒரே பணம் கூலி. வெயிலில் வாடியவர்கள் முணுமுணுக்கிறார்கள். நீயும் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம். ஆனால் இத்தனை நாள் இந்த உபதேசம் கெட்டவனுக்குச் சலுகை என்றே நினைத்துவந்தேன். அந்த மூன்று பக்கங்களைப் பார்த்த பிறகு, இது அவனைவிட நல்லவர்களுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று தோன்றுகிறது. கெட்டவனுக்குத் தன் கணக்கு தேறாது என்று தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அவள் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

"போதும் அக்கா" என்று சொன்னேனே, அது தப்பான பதில். போதும் போதாது என்று எழுதும் பேரேடே அங்கே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட மனைவிக்கு மனம் வரவில்லை, எனக்கும் இல்லை. பெட்டியோடு இங்கே கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. வெங்காயம் உரித்த கணக்கை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். கூலிக்கு உரித்தவளின் எழுத்தாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உரித்தவர்களின் பெயர்களையும், யார் என்ன கதை சொன்னார்கள் என்பதையும் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

அடுத்த மாதம் நாசரேத்தில் அசனம். முழங்கால் சம்மதித்தால் புறப்பட்டு வா. விடிய விடிய வேலை செய்தவனுக்கும், பதினொரு மணிக்குக் குளித்துவிட்டு வருகிற உனக்கும் ஒரே அகப்பைதான். ஆட்டுக்கறிக் குழம்பு என்பதால் பயப்படாதே, உனக்கு மட்டும் வீட்டில் சாம்பார் வைக்கச் சொல்லிவிட்டேன். வரும்போது அந்த முறுக்குப் பாத்திரத்தைக் கொண்டுவந்து சேர்.

உன்,
சாமுவேல்