மடற்குழு மறுபடி ஓடுகிறது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து படுத்துக் கிடந்த நம் பழைய மாணவர் மடற்குழு, திங்கள் இரவு பதினொன்றரைக்கு எழுந்துவிட்டது. படுக்க வைத்தவன் நான். எழுப்பியவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

நம் குழு ஓடுவது மெயில்மேன் 2.1 என்ற மடற்குழு மென்பொருளில். அது வெளிவந்தது 2002 கடைசியில். நம்மில் சிலருடைய பிள்ளைகளைவிட மூத்தது. அந்த வெள்ளிக்கிழமை புதிய மாணவர் பேட்ச்சுக்காக 'நியூலிஸ்ட்' என்ற கட்டளையைத் தட்டி ஒரு குழு தொடங்கினேன். அதோடு நின்றிருக்கலாம். எந்த முகவரிக்கு வரும் மடலை எந்த நிரலிடம் கொடுப்பது என்று எழுதிவைத்திருக்கும் அலையஸ் கோப்புகளில் செத்துப்போன குழுக்களின் முகவரிகள் கிடப்பது கண்ணை உறுத்தியது. அந்தக் கோப்புகளை அழித்துவிட்டு, 'ஜென்அலையசஸ்' கட்டளை கொடுத்துப் புதிதாக உருவாக்கினேன், ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கில்) இருந்துகொண்டே. கால்மணி நேரத்தில் ஃபோன் மேல் ஃபோன். எல்லாருடைய மடலும் திரும்பிப் போயிருந்தது.

இரண்டு நாள் நான் செய்ததெல்லாம் மடல்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளை நிறுத்தி நிறுத்தி மறுபடி தொடங்கியதுதான். ஞாயிற்றுக்கிழமை சேலத்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கட்டளை எதுவும் சொல்லவில்லை. "திரும்பி வந்த மடலைக் கடைசி வரி வரைக்கும் வாசிச்சுக் காட்டுப்பா" என்றார். வாசித்தேன். 'மெயில்மேன்' என்ற குரூப்பின் (கணினிப் பயனர் குழுவின்) பேரில் ஓட வேண்டிய நிரல் 'நோபடி' என்ற குரூப்பின் பேரில் ஓடியது என்று அதிலேயே எழுதியிருந்தது. மூன்று நாளாக என் கண் முன்னால் இருந்த வரி! அலையஸ் கோப்பின் உரிமையாளர் யாரோ, அவர் பேரில்தான் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த நிரலை ஓட்டும். உரிமையாளர் ரூட் என்றால் பாதுகாப்புக்காக அதிகாரம் குறைந்த 'நோபடி' ஆகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அண்ணா, நன்றி. மறுநாள் ராத்திரி, கோப்புகளின் உரிமைகளைச் சோதிக்கும் மெயில்மேனின் 'செக் பெர்ம்ஸ்' கட்டளையை ஓட்டினேன். கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கிறது, மெயில்மேனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று பளிச்சென்று சொன்னது. அதையே '-எஃப்' சேர்த்து ஓட்டியதும் தானே சரிசெய்துகொண்டது.

திரும்பி வந்த மடலை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் முழுசாக எனக்கு அனுப்பிவைத்த இரண்டு பேருக்கும் தனி நன்றி. அது இல்லாவிட்டால் அண்ணனுக்கு எதை வாசித்துக் காட்டியிருப்பேன்?

பெங்களூர் அக்கா இல்லையென்றால் அடுத்த கூத்தும் நடந்திருக்கும். புதிய பேட்ச் ஆட்களை 'ஆட் மெம்பர்ஸ்' கட்டளை கொண்டு சேர்க்கப் போனபோது, "வரவேற்பு மடலை நிறுத்திட்டு அவங்களைச் சேர்த்துக்கோ, அதுல கடவுச்சொல் அப்படியே போகும்" என்று தடுத்தவர் அவர். ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் 'கான்ஃபிக் லிஸ்ட் -ஓ' போட்டு ஒரு கோப்பில் எடுத்து வைக்கச் சொன்னவரும் அவரே. எடுத்து வைத்துவிட்டேன் அக்கா.

பேரி வார்சா, மார்க் சப்பைரோ முதலான, மெயில்மேனை உருவாக்கிப் பராமரித்த ஆட்களுக்கு இந்த மடல் போய்ச் சேராது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தன்னையே சோதித்துப் பார்த்துக் குறை சொல்லும் கட்டளையை உள்ளேயே வைத்திருக்கிறார்களே, அதற்கு ஒரு கும்பிடு.

ஒரு வேண்டுகோள். அந்த மூன்று நாளில் திரும்பி வந்த மடல்கள் மெயில்மேனுக்குள் நுழையவே இல்லை. வரிசையிலும் இல்லை, காப்பகத்திலும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அனுப்பியவர் உட்பட எல்லாரும் தயவுசெய்து இன்னொரு முறை அனுப்புங்கள்.