முடிவு வந்தா சொல்லுங்க தம்பி: பொதுக் கொள்கை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கும், அங்கே படிக்கிற தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். அரசுத் திட்டங்களையும் மக்கள் வாழ்க்கையையும் ஆராய்கிற உங்கள் மையங்கள் வருடா வருடம் வெளியிடும் சாதனைப் பட்டியலை விடாமல் படிக்கிறவன் நான். எந்தப் பேராசிரியரின் கட்டுரை எந்த ஆய்விதழில் வந்தது, யாருக்கு விருது, எந்த மாணவிக்கு வெளிநாட்டில் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தது என்று எல்லாம் அதில் இருக்கும். படிக்கும்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் அந்த வேலையின் கடைசிப் படியில் நானும் நின்றிருக்கிறேன், கையில் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற சர்வே ஆளாக மூன்று வருடம்.

உங்கள் வேலையின் மதிப்பில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2003இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் தொடங்கிய ஜே-பால் என்ற வறுமை ஒழிப்பு ஆய்வு மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பானர்ஜிக்கும் டுஃப்லோவுக்கும் மைக்கேல் கிரேமரோடு சேர்த்து 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அது உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்த மையத்தோடு தமிழ்நாடு அரசு 2014இலேயே ஒப்பந்தம் போட்டது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என்னை மிகவும் பாதித்தது நம் ஊர் அங்கன்வாடிகளில் நடந்த ஓர் ஆய்வு. கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் என்று மூன்று பேராசிரியர்கள். தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அரை நாள் வேலைக்கு ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்து, மையத்திலேயே தொடர்ந்து படித்த பிள்ளைகளின் தேர்ச்சி கணக்குப் பாடத்தில் 0.29 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதன் அளவு) மொழிப் பாடத்தில் 0.46 திட்ட விலக்கமும் கூடியிருந்தது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளும் அந்த மையங்களில் குறைவு.

இதை என் அத்தையிடம் சொன்னேன். அத்தை அங்கன்வாடியில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திட்ட விலக்கம் என்றதும் முகத்தைப் பார்த்தார். சரி, வேறு மாதிரி சொல்கிறேன் என்று, "100 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிற பிள்ளை, மொழிப் பாடத்தில் ஏறக்குறைய 32ஆவது இடத்துக்கு முன்னேறுகிறது" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "கூட ஒரு ஆள் குடுங்கன்னு நாங்க மீட்டிங்குக்கு மீட்டிங் கேட்டதுதானே இது?" என்றார். அப்புறம் ஊட்டச்சத்து ஏன் கூடியது என்பதையும் நான் சொல்லாமலே அவரே சொன்னார். பிள்ளைகளோடு ஒருத்தி உட்கார்ந்துவிட்டால், டீச்சருக்கு எடை போடவும், சத்துமாவு கணக்குப் பார்க்கவும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய் வரவும் நேரம் கிடைக்கும் இல்லையா? கட்டுரையும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆய்வு முடிவு யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவர்கள் கையில் போய்ச் சேர்ந்தால் அவர்கள் அதை நம்மைவிட நன்றாகவே படிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வு, பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் கணக்கிட்டது. மாதம் 1000 ரூபாய்க்கு, சாயங்காலம் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் சாதனை அந்த 24. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த எண் தெரிய வேண்டாமா?

நான் வேலை பார்த்தது இவற்றில் எதிலும் இல்லை, அது வேறு ஓர் இடத்தின் குடும்பச் செலவு சர்வே. ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டேன். அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, யாரிடம் கடன், வட்டி என்ன என்று, சொந்தத் தம்பியிடம்கூடச் சொல்லாததை அந்த அக்கா எனக்குச் சொன்னார். நடுவில் எழுந்துபோய் டீ போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, "முடிவு வந்தா சொல்லுங்க தம்பி" என்றார். சொல்கிறேன் அக்கா என்றேன். கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. அந்த ஊருக்கு யாரும் திரும்பப் போகவில்லை, நானும்தான். அந்த வார்த்தையை நான் காப்பாற்றவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் கேட்கிறேன். நீங்கள் எந்த ஊரில் போய்க் கேள்வி கேட்டீர்களோ, அந்த ஊருக்கு அதன் முடிவைத் தமிழில் இரண்டே பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் உங்கள் சாதனைப் பட்டியலில் சேருங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்கள் இருக்கின்றன, ஊராட்சியிடம் கேட்டு அங்கே படித்துக் காட்டலாம். நேரம் இல்லை என்று சொல்வீர்கள், புரிகிறது, பேராசிரியருக்கு அடுத்த ஆய்வுக்கு நிதி தேட வேண்டும், மாணவருக்குத் தேர்வு இருக்கும். ஆனால் இதையே ஒரு பருவத்தின் செய்முறைப் பாடமாக வைத்து மதிப்பெண் கொடுத்தால் மாணவர்கள் செய்வார்கள். திட்ட விலக்கத்தை அங்கன்வாடி டீச்சருக்குப் புரிகிற மாதிரி சொல்வது சின்ன வேலை இல்லை, அதற்குப் பாடத்தை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு எதிர்பார்த்தபடி வராத ஆய்வாக இருந்தாலும் போய்ச் சொல்லுங்கள், "இந்தத் திட்டம் பலன் தரவில்லை" என்று தெரிந்துகொள்ளவும் அந்த ஊருக்கு உரிமை உண்டு. அப்படியே, வெயிலில் அலைந்து விவரம் திரட்டிய சர்வே ஆட்களின் பெயர்களையும், அவர்கள் சம்மதித்தால், அந்தப் பட்டியலில் போடுங்கள்.

தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். எழுதியதை முதலில் அத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன், அவருக்குப் புரியாத வரியை மாற்றி எழுதிவிட்டு அப்புறம் ஊருக்குப் போகலாம்.

அன்புடன்,
ஒரு பழைய சர்வே ஆள்