அந்த அடைப்புக்குறிய மட்டும் எடுத்துடுங்க ஐயா

ஆயர் ஐயா அவர்களுக்கும், பாஸ்டரேட் கமிட்டி அண்ணன்மாருக்கும், கமிட்டில இருக்கற ரெண்டே ரெண்டு அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் யாருன்னு பேர் போட்டு சொல்ல வேண்டியதில்ல, விஷயத்த சொன்னாலே தெரிஞ்சிடும். ஈஸ்டர் கழிஞ்ச அடுத்த ஞாயிறு ரிப்பன் வெட்டி, ஜெபம் பண்ணி, நீங்க வெளியிட்ட சபை டைரக்டரி, அதுல பக்கம் 61, மேலேர்ந்து ரெண்டாவது குடும்பம். அது நாங்க தான். குடும்பத் தலைவர்னு என் வீட்டுக்காரர் பேரு, மனைவின்னு என் பேரு, பிள்ளைங்கன்னு மொதல்ல என் மக பேரு, அடுத்து என் மகன் பேரு, என் மகன் பேருக்கு பக்கத்துல அடைப்புக்குறி போட்டு "மனைவியின் மகன்".

ஃபார்ம்ல நான் அப்படி எழுதி குடுக்கல ஐயா. பிள்ளைகள் 2ன்னு எழுதி ரெண்டு பேரு எழுதினேன், அவ்ளோ தான். ஃபார்ம்லயே அடைப்புக்குறிக்கு எடம் கிடையாது. யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சு, இந்த குடும்பத்துக்கு இது விட்டுப்போச்சேன்னு அக்கறையா சேத்திருக்காங்க. யாருன்னும் எனக்கு தெரியும், சொல்ல மாட்டேன், அவங்க வீட்டு கல்யாணத்துக்கு நான் தான் காய் நறுக்க போனேன்.

அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு புக்க பாத்துக்கிட்டிருந்தோம். எல்லா வீட்லயும் நடக்கறது தானே, யார் ஃபோட்டோ நல்லாருக்கு, யாருக்கு தலைல முடி போச்சுன்னு சிரிச்சுக்கிட்டு. பையன் தான் 61ஆம் பக்கத்த மொதல்ல பாத்தான். ஒன்னும் சொல்லல, புக்க மூடி டிவி மேல வச்சிட்டு மொட்ட மாடிக்கு போய்ட்டான். அக்காகாரி எடுத்து பாத்தா. பாத்துட்டு ஸ்கூல் பேகுலேர்ந்து வைட்னர் எடுத்துட்டு வந்து, நாக்க கடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா அழிச்சா. வாயால ஊதி காய வச்சு, அடியில ஒரு கோடு தெரியுதுன்னு மறுபடி ஒரு தடவ பூசினா. அப்புறம் மாடிக்கு போய் "டேய் வாடா, அழிச்சிட்டேன்"னு கூட்டிட்டு வந்தா. அவன் பாத்துட்டு கேட்டான், "நம்ம வீட்டு புக்ல அழிச்சிட்ட, மத்த வீட்டு புக்ல என்னக்கா பண்ணுவ?"

அதுக்கு அவகிட்டயும் பதில் இல்ல, என்கிட்டயும் இல்ல. 400 காப்பி அடிச்சதா நீங்க தான் ரிப்போர்ட்ல வாசிச்சீங்க. அதனால தான் இந்த மடல்.

மொதல்ல பப்ளிக்கா எழுதணும்னு நினைக்கல. செக்ரட்டரி அண்ணனுக்கு வாட்ஸாப் போட்டேன், ரெண்டு நாள் ப்ளூ டிக் மட்டும் நின்னுச்சு, மூணாவது நாள் பதில் வந்துச்சு, "ப்ரைஸ் த லார்ட் சிஸ்டர், நெக்ஸ்ட் எடிஷன்ல பாத்துக்கலாம்"னு, கூட ஒரு கும்பிடற கை. அண்ணே, இதுக்கு முன்னாடி டைரக்டரி வந்து 11 வருஷம் ஆச்சு. அதே கணக்குல அடுத்தது வர்றப்ப என் பையனுக்கு 23 வயசு இருக்கும்.

நேர்ல ஒரு பெரியவர் கிட்ட கேட்டதுக்கு "உண்மைய தானேம்மா போட்டிருக்கோம், பொய்யா?"ன்னாரு. பொய் இல்லங்கய்யா. அவன் என் மொதல் வீட்டுக்காரருக்கு பொறந்தவன் தான். 2021 மே மாசம் ஆக்சிஜன் பெட்டுக்கு ரெண்டு நாள் அலைஞ்சு, கடைசில கெடச்ச எடத்துல ஒரு ராத்திரி தான் இருந்தாரு, அப்ப இவனுக்கு 7 வயசு. அடக்கத்துக்கு நாலு பேர் தான் வரலாம்னாங்க, நீங்க வெள்ள கவச டிரெஸ்ல நின்னு ஜெபம் பண்ணீங்க ஐயா, அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். இப்ப இருக்கறவரோட மனைவி கேன்சர்ல போனப்ப அவர் பொண்ணுக்கு 8 வயசு. எங்க கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு சபைல அறிவிப்பு ஓலை படிச்சப்ப "தாரமிழந்தவர்", "விதவை"ன்னு தான் படிச்சீங்க, ஒரு வார்த்த நான் பேசல, ஏன்னா அது 1872 கிறிஸ்தவ திருமண சட்டம், ரெஜிஸ்டர்லயே அதுக்குன்னு கட்டம் இருக்கு. டைரக்டரிக்கு எந்த சட்டத்துல கட்டம் இருக்கு?

உண்மை வேணும்னா முழு உண்மையும் போடலாமே. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைல எங்க வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி. கரண்ட் இல்ல, அவர் டூட்டில மாட்டிக்கிட்டாரு, நானும் பிள்ளைங்களும் தான். நான் அரிசி மூட்டைய தூக்கவா, சர்டிஃபிகேட் ஃபைல தூக்கவான்னு பதறிக்கிட்டிருக்கேன், இந்த பையன், 9 வயசு, ஓடிப்போய் தையல் மெஷின கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். அது அந்த பொண்ணோட அம்மா தச்ச மெஷின். "அக்கா அம்மாவோடது, நனையக்கூடாது"ங்கறான். அவளும் அவனும் சேந்து ஸ்குரூவ கழட்டி மெஷின் தலைய மட்டும் தூக்கி பரண்ல வச்சாங்க, இவன் வெரல் நசுங்கி நகம் கறுத்துப் போச்சு. அதுக்கு முன்னாடி எட்டு மாசம் அந்த பொண்ணு என்கிட்ட சரியா பேசினதில்ல, நான் வச்ச கொழம்ப ஊத்திக்காம ரசம் சோறு மட்டும் தின்னுட்டு எழுந்து போவா. அந்த வெள்ளத்துக்கப்புறம் தான் "சித்தி, மீன் கொழம்புக்கு எங்கம்மா மாங்கா போடுவாங்க"ன்னு மொத மொதல்ல சொன்னா. நான் போட்டேன்.

அடைப்புக்குறி போடணும்னா இத போடுங்க, பக்கம் பத்தாது.

இன்னொன்னு, அந்த பொண்ணு கேட்டா, "அவன் மனைவியின் மகன்னா நான் கணவனின் மகள் தானே, எனக்கு ஏன் போடல?" பத்தாவது படிக்கற பொண்ணுக்கு தெரியற லாஜிக் இது. ஆம்பளயோட பிள்ளைன்னா வீட்டுப் பிள்ளை, பொம்பளயோட வந்த பிள்ளைன்னா ஒட்டு. நம்ம ஊர்ல பழைய பழக்கம் தான், ஆனா அத சர்ச் செலவுல பிரிண்ட் போடணுமா?

சட்டமும் சொல்லிடறேன், ஏன்னா கமிட்டில ரெண்டு வக்கீல் இருக்கீங்க. நம்ம கிறிஸ்தவங்களுக்குன்னு தனியா தத்தெடுக்கற சட்டம் கிடையாது, ரொம்ப காலம் 1890 கார்டியன் சட்டத்துல வெறும் கார்டியனா தான் இருக்க முடிஞ்சுது. இப்ப 2015 சிறார் நீதி சட்டம் இருக்கு, அதுல மாற்றுத் தகப்பனும் முறைப்படி தத்தெடுக்கலாம், 2022 செப்டம்பர்லேர்ந்து கோர்ட்டுக்கு பதிலா கலெக்டரே ஆர்டர் போடறாரு. நாங்க போட்டோம், அலைஞ்சோம், ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எங்க முகம் மனப்பாடம் ஆகற அளவுக்கு. 5 வயசுக்கு மேல இருந்தா பிள்ளையோட சம்மதமும் வேணும், அதனால ஆபீஸ்ல அவனையே உக்கார வச்சு "உனக்கு சம்மதமாப்பா?"ன்னு கேட்டாங்க. அவன் சொன்னான், "அப்பான்னா எங்கப்பா தான், இவர் டாடி, ரெண்டு இன்ஷியலும் போட்டுக்கலாமா?"ன்னு. அந்த ஆபீசரம்மா கண்ணாடிய கழட்டி தொடச்சாங்க. அரசாங்க ஆபீஸ்ல கேட்டாங்க ஐயா. நம்ம சபைல யாரும் கேக்கல.

போன பெந்தெகொஸ்தே ஞாயிறு நீங்க பிரசங்கம் பண்ணீங்க, ரோமர் 8:15, "அப்பா பிதாவே என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவி". புத்திரசுவிகாரம்னா தத்தெடுக்கறதுன்னு நீங்களே வெளக்கம் குடுத்தீங்க, நாம எல்லாருமே தத்துப் பிள்ளைங்க தான்னு சொன்னப்ப என் வீட்டுக்காரர் பையன் தோள்ல கை போட்டாரு, நான் பாத்தேன். அப்ப ஜீவபுஸ்தகத்துல நம்ம எல்லார் பேருக்கு பக்கத்துலயும் அடைப்புக்குறி இருக்குமா ஐயா? தெரியாம தான் கேக்கறேன்.

லூக்கா 2ஆம் அதிகாரம் எடுத்துக்கோங்க. இயேசுவுக்கு 12 வயசு, என் பையன் வயசு, எருசலேம்ல காணாம போயிட்டாரு, மூணு நாள் கழிச்சு தேவாலயத்துல கண்டுபுடிச்சதும் மரியாள் என்ன சொல்றாங்க? "உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே". யோசேப்ப தான் தகப்பன்ங்கறாங்க. உண்மை என்னன்னு உலகத்துலயே நல்லா தெரிஞ்சவங்க அவங்க தான், அவங்களே அடைப்புக்குறி போடல. இயேசு அதுக்கு "என் பிதாவுக்கடுத்தவைகளில் நான் இருக்கவேண்டியதென்று அறியீர்களா"ன்னு பரலோகப் பிதாவ சொல்லி பதில் குடுத்தாருன்னு எனக்கும் தெரியும், சண்டே ஸ்கூல்ல ஆறு வருஷம் நான் பாடம் எடுத்திருக்கேன். ஆனா அதோட முடியல, அவங்க கூட நாசரேத்துக்கு போய் "அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார்"னு இருக்கு. அவர்களுக்கு, ரெண்டு பேருக்கும்.

கோவம் இருக்கு ஐயா, மறைக்கல. நம்ம நாட்லயே இது ஒரு வியாதி. எந்த கட்சிக்காரர் மைக்க புடிச்சாலும் "மாற்றாந்தாய் மனப்பான்மை"ன்னு கத்தறாங்க, ஒருத்தராவது ஒரு மாற்றாந்தாய கூப்பிட்டு உன் மனப்பான்மை என்னம்மான்னு கேட்டிருக்காங்களா? சீரியல்ல சித்தின்னா மொளகா பொடி தூவறவ. சர்ச்சுலயும் அதே தான், குடும்ப ஞாயிறுக்கு மேடைல ஏத்தறது 25 வருஷம் 50 வருஷம் முடிச்ச ஜோடிங்கள மட்டும் தான். நல்லது, கை தட்டறோம். எங்கள மாதிரி ரெண்டு சாவு வீட்ட ஒட்டி ஒரு வீடு கட்டினவங்களுக்கு வேலை போனப்ப, போன ஜனவரிலேர்ந்து அவர் கால் டாக்ஸி தான் ஓட்டறாரு, பெண்கள் ஐக்கிய சங்கத்துலேர்ந்து ரெண்டு பேர் மட்டும் அரிசியோட வந்தாங்க, அவங்க பேர கர்த்தர் குறிச்சு வச்சிருப்பாரு. கமிட்டி எல்இடி வால் 8 அடியா 10 அடியான்னு மூணு மீட்டிங் போட்டுச்சு. சந்தா கவர் மட்டும் மாசா மாசம் சரியா வந்துச்சு. பையன் பொறந்த நாளைக்கு ஸ்தோத்திர காணிக்கை போட்டப்ப கவர் மேல "மனைவியின் மகன்"னு எழுத சொல்லல, அப்படியே வாங்கிக்கிட்டீங்க.

சரி, எங்கயோ போய்ட்டேன், மன்னிக்கணும்.

நம்ம சபைலயே எங்கள மாதிரி இன்னும் அஞ்சாறு குடும்பம் இருக்கு, வெளிய சொல்றதில்ல, கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு ஆசீர்வாதம் முடிஞ்ச உடனே கெளம்பிடறாங்க. அவங்க இத படிப்பாங்கன்னு தெரியும். உங்ககிட்ட ஒன்னே ஒன்னு. அந்த மொத ரெண்டு வருஷம் பிள்ளைங்க முகத்த திருப்பிக்கிட்டா அத உங்க மேல வெறுப்புன்னு எடுத்துக்காதீங்க, அதுங்க செத்தவங்களுக்கு துரோகம் பண்ணக்கூடாதுன்னு தவிக்குதுங்க. எங்க ஹால்ல அவர் மனைவி ஃபோட்டோவும் என் மொதல் வீட்டுக்காரர் ஃபோட்டோவும் பக்கத்து பக்கத்துல இருக்கு, வர்ற சொந்தக்காரங்க முகத்த சுளிப்பாங்க, சுளிக்கட்டும். நான் அழுத ராத்திரி எல்லாம் பிடிச்சுக்கிட்ட வசனம் சங்கீதம் 68:6, "தேவன் தனிமையானவர்களுக்கு வீடு வாசல் ஏற்படுத்தி". வீடு கட்டினது அவரு. கொசுவல அடிக்கறதுலேர்ந்து மாங்கா போடறது வரைக்கும் மீதி வேலைய நம்மகிட்ட விட்டுட்டாரு, அது நாளாகும்.

இப்ப ஐயா, கமிட்டி அண்ணன்மாரே, என் வேண்டுதல். அந்த அடைப்புக்குறிய எடுத்துடுங்க. புதுசா புக் அடிக்க வேணாம், அடுத்த எடிஷனும் வேணாம். ரெண்டு வார்த்த அகலத்துக்கு வெள்ள ஸ்டிக்கர் வெட்டி அத மறைச்சா போதும். 400 ஸ்டிக்கருக்கு பிரிண்டிங் கடைல வெல கேட்டுட்டேன், அந்த காச நாங்களே குடுத்துடறோம். வீட்டுக்கு எடுத்துட்டு போனவங்க அடுத்த ஞாயிறு புக்க கொண்டு வரணும்னு ஒரு அறிவிப்பு மட்டும் வாசிங்க. காரணம் சொல்ல வேணாம், பேர் சொல்ல வேணாம், "பக்கம் 61ல் அச்சுப்பிழை"ன்னு சொன்னா போதும். மன்னிப்பெல்லாம் கேக்கல. இனிமே எந்த ஃபார்ம்லயும், எந்த பிள்ளை பேருக்கு பக்கத்துலயும் அது வராதுன்னு மினிட்ஸ்ல ஒரு வரி எழுதிடுங்க, ப்ளீஸ்.

விக்காம மீதி இருக்கற புக்கெல்லாம் வெஸ்ட்ரி அலமாரில இருக்குன்னு சொன்னாங்க. வர்ற சனிக்கிழமை குவயர் பிராக்டிஸ் ஆறு மணிக்கு, நாங்க நாலு பேரும் அஞ்சு மணிக்கே வந்துடறோம், ஒட்டற வேலைய பிள்ளைங்களே பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. அலமாரி சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லி வைங்க ஐயா, ஒரு மேஜையும் போட்டு வச்சா புண்ணியமா போகும்.

கிறிஸ்துவுக்குள்,
பக்கம் 61லேர்ந்து ஒரு அம்மா
பெரம்பூர், சென்னை