தங்கவயல் போயிட்டு வந்தேன் மாப்ள

டேய் மாப்ள,

அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? நீ போனே எடுக்க மாட்டேங்குற, அதான் உக்காந்து எழுதுறேன். போன வாரம் கோலார் தங்கவயல் போயிருந்தேன்டா. பங்காருபேட்டைல இருந்து மாரிகுப்பம் ரயில், கோரமண்டல், ஊர்காம், சாம்பியன்னு வரிசையா ஸ்டேஷன், பொட்டி முழுக்க நம்ம தமிழ்தான், நிறைய பேர் தினமும் இதுல பெங்களூர் போய் வேலை பாத்துட்டு ராத்திரி திரும்புறவங்க.

சினிமா பாத்துட்டு வர்ற பசங்க சயனைடு மேட்டுல செல்பி எடுத்துட்டு கெளம்பிடுறானுங்க. தங்கத்த பிரிச்ச பிறகு மிஞ்சுன சக்கைய கொட்டிக் கொட்டியே மலையாயிருக்கு, காத்தடிச்சா அந்தப் பொடி கொடில காயுற துணி வரைக்கும் ஒட்டுது. துரைங்க பங்களாவையும் ஒரு நடை பாத்தேன், பெருசா ஒன்னும் தோணல. சுரங்கத்த நடத்துன இங்கிலீஷ்காரன் ஜான் டெய்லர் கம்பெனி 1880 வாக்குல வந்துச்சு, 1902லயே சிவசமுத்திரம் காவிரி அருவில இருந்து சுரங்கத்துக்கு கரண்டு வந்துருச்சு, பெங்களூருக்கே 1905லதான்! நீ பிசிக்ஸ் வாத்தியாராச்சே, 1965ல வளிமண்டலத்துல உண்டாகுற நியூட்ரினோங்குற துகள பிடிச்சதும் இந்த சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள்ளதான், க்ளாஸ்ல சொல்லு.

எனக்கு மண்டைல நின்னது வேற. ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கமிருந்து போய் மூணு கிலோமீட்டர் ஆழத்துல வெந்தவங்க, பெரும்பாலும் தலித் சனங்க, அவங்க தங்களுக்குன்னு உண்டாக்கிக்கிட்டது. தமிழ் பௌத்த சிந்தனையாளர் அயோத்திதாசரோட சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்துல கிளை இருந்திருக்கு, அம்பேத்கர் 1956ல நாக்பூர்ல பௌத்தம் ஏத்துக்கறதுக்கு எவ்ளோ வருஷம் முன்னாடி பாரு! அயோத்திதாசர் 1907ல ஆரம்பிச்ச தமிழன் பத்திரிகை நின்னு போச்சுல்ல, அத 1926ல திரும்ப நடத்துனது தங்கவயல்ல இருந்து ஜி. அப்பாதுரையார். பகல்ல பாறைய ஒடச்சவன் சாயங்காலம் உக்காந்து புத்தரப் பத்தி தர்க்கம் பண்ணியிருக்கான்டா, இத நமக்கு எந்த ஸ்கூல்லடா சொல்லிக் குடுத்தாங்க?

தொழிலாளிங்க இருக்குற லைன் வீட்டுல, சுரங்கத்துல வேல பாத்த ஒரு பெரியவர்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன். கீழ ராக் பர்ஸ்ட் ஆனா, அதான் அழுத்தம் தாங்காம பாறை வெடிச்சா, மேல வீட்டுல பாத்திரமெல்லாம் உருளுமாம், ஒடனே பொம்பளைங்க சுரங்கத்துக்குள்ள எறங்குற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவாங்களாம். சுரங்கத்த 2001 பிப்ரவரி 28ல மூடியாச்சு, ஆனா இவரு ஆயுத பூஜைக்கு பரண்ல இருக்குற ஹெல்மெட்ட எடுத்து தொடச்சு, லைட் மாட்டுற கொக்கி வரைக்கும் சந்தனம் குங்குமம் வெக்கிறாரு. இன்னுமா தாத்தான்னேன். "இத்தன வருசம் தலைய காப்பாத்துச்சில்ல"ன்னாரு, நடுநடுவுல இருமல் வேற, கல்லுத்தூசி குடிச்ச நெஞ்சு.

அடுத்த புத்த பூர்ணிமாவுக்கு திரும்ப போலாம்னு இருக்கேன், நீயும் லீவு போட்டு வா, தனியா போனா பேச ஆளில்ல. அப்புறம் பாப்பா காலேஜ் அட்மிஷன் என்னாச்சு? அதையாவது ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு
உன் பழைய பெஞ்சுக்காரன்