சத்துமாவு வேண்டாம், அம்மா

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கு விசா கிடைத்துவிட்டது, பெட்டிகூடக் கட்ட ஆரம்பித்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது.

சத்துமாவு வேண்டாம் அம்மா. நீ முளைகட்டி, வறுத்து, மில்லில் நின்று அரைத்து வாங்கியதுதான், தெரியும். பருப்புப் பொடி, பொட்டுக்கடலை உருண்டையும் வேண்டாம். எல்லாவற்றிலும் புரதம் அதிகம். புரதத்தில் இருக்கிற மூன்று அமினோ அமிலங்களை உடைக்கும் நொதி (என்சைம்) பாப்பாவுக்கு வேலை செய்வதில்லை. அதில் லூசின்தான் பொல்லாதது. ரத்தத்தில் தேங்கினால் மூளை வீங்கிவிடும். இப்போது அவளுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் லூசின்தான் கணக்கு. ஒரு முட்டையிலேயே 500க்கு மேல் இருக்கிறது. சோற்றைக்கூட தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். போன வருடம் சாதாரணக் காய்ச்சல், இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது உடம்பு தன் புரதத்தையே கரைக்கும், லூசின் ஏறிவிடும். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உன்னிடம் அப்போது சளி என்று மட்டும் சொன்னேன்.

பிறந்த மறுநாள் குதிகாலில் குத்தி நாலைந்து சொட்டு ரத்தம் எடுத்தார்கள். இங்கே எல்லாக் குழந்தைக்கும் எடுப்பதுதான். ஆறாம் நாள் போன் வந்தது. அதற்கு முன்பே அத்தை, துணியில் வெல்லப்பாகு மணம் வருகிறதே என்றார். அவர் கிண்டிக் கொடுத்த வெந்தயக் களியால்தான் இருக்கும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாய் வெந்தயம் சாப்பிட்டால் குழந்தையிடம் இதே மணம் வருவதுண்டாம். ஆனால் ரத்தத்தில் லூசின் ஏறியிருந்ததற்கு வெந்தயம் காரணமில்லை. நோயின் பெயரே மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ், மேப்பிள் மரத்துப் பாகு போல் சிறுநீர் மணக்கும் நோய் என்று.

சொந்தத்தில் முடித்ததால்தானே என்று அத்தை இன்னும் உள்ளுக்குள் புழுங்குகிறார். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் என்று தெரியும். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும், இல்லை என்று சொல்லவில்லை. என்னிடமும் என் வீட்டுக்காரரிடமும் ஒரே குறை ஒளிந்திருந்தது, நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அது பாப்பாவுக்கு விழுந்தது. பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவில் குதிரை வண்டியில் போகும் மென்னோனைட் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குள் சுமார் 400 குழந்தைக்கு ஒன்றுக்கு இந்த நோய் வருகிறது. நாம் மட்டும் இல்லை. வந்ததும் அத்தையோடு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே.

அப்பா கேட்டார், இன்சூரன்ஸ் இருக்கும்போது ஏன் கைக்காசு என்று. பாப்பாவின் முக்கிய சாப்பாடு ஒரு பவுடர். அந்த மூன்று அமிலம் மட்டும் இல்லாத புரதம். அதுவும் புரதம் குறைத்த அரிசி, நூடுல்ஸும் சேர்ந்தால் மாதம் வீட்டு வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. இந்த மாநிலத்தில் ரொம்ப வருடத்துக்கு முன்பே சட்டம் போட்டிருக்கிறார்கள், இப்படிப்பட்ட பிறவி நோய்க்கான உணவை இன்சூரன்ஸ் கட்ட வேண்டும் என்று. சரி, நமக்கு என்ன கவலை என்றுதான் இருந்தோம். ஆனால் கார்டில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர் இருந்தாலும், பணம் கட்டுவது என் வீட்டுக்காரருடைய ஆபீஸ். அப்படி ஆபீஸே சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டத்தை மாநிலச் சட்டம் தொட முடியாது. 1974ல் வந்த மத்திய அரசுச் சட்டம் அப்படி. நியூ ஜெர்சியில் இருந்து என்ன பயன்!

மறுத்து வந்த கடிதத்தை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன், வந்து பார். அதே பவுடர் மூக்குக் குழாய் வழியாகப் போனால் மருந்தாம், வாயால் குடித்தால் சாப்பாடாம். பிள்ளை சமர்த்தாக டம்ளரில் குடிப்பதற்கு அபராதம். அப்பீல் செய்ய 180 நாள் கொடுத்திருந்தார்கள். டாக்டர் கடிதம், அந்த ஆறு நாள் ஆஸ்பத்திரி பில் எல்லாம் வைத்து அனுப்பினோம். பில்லைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்திருக்க வேண்டும், பவுடர் எத்தனையோ மலிவு. இப்போது பவுடருக்கு ஒரு வருடம் ஒப்புதல் வந்திருக்கிறது. அரிசிக்கும் நூடுல்ஸுக்கும் இல்லை. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து. அவர் வேலை மாறலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் நாங்கள் இதைத்தான் கேட்கிறோம்.

அதனால் பெட்டியில் காலி இடம் இருந்தால் ஜவ்வரிசி கொண்டு வா. மரவள்ளிக் கிழங்கு மாவில் புரதம் இல்லையென்றே சொல்லலாம், டயட்டீஷியன் பார்த்துச் சரி என்றார். ஆத்தூரைச் சுற்றி எத்தனை சேகோ ஃபேக்டரி, அந்தப் புளித்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவேனே! இங்கே கடையிலும் கிடைக்கிறது, ஆனாலும் நீ கொண்டு வா. வடாமும் போட்டு வா. மோர் விடாதே, எலுமிச்சை பிழிந்தால் போதும். காரம் கொஞ்சம் குறைத்துப் போடு, அவளுக்கு இன்னும் மூன்று முடியவில்லை.

அன்புடன்,
உன் மகள்