பத்து ரூபாயும் பத்து ரூபாயும் - பொருளியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இளங்கலைப் பொருளியல் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன பருவத்தில் ஒருநாள், "ஒருவர் பெறும் பயன்பாட்டை (ஒரு பொருளோ பணமோ தரும் மனநிறைவை) இன்னொருவருடையதோடு ஒப்பிட முடியாது" என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா பூ விற்பவர். ஷேர் ஆட்டோ காசு பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க, கூடையோடு நடந்தே வீட்டுக்கு வருவாராம். "அந்தப் பத்து ரூபாயும் காரில் வர்றவங்க பார்க்கிங்குக்குத் தர்ற பத்து ரூபாயும், யாருக்குப் பெரிசுன்னு சொல்லவே முடியாதா சார்?"

பாடப்படி "முடியாது" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதில் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பணக்காரரிடமிருந்து ஏழைக்குப் போகும் பணம் மொத்த நலனைக் கூட்டும் என்று ஆங்கிலப் பொருளியலாளர் பிகூ வாதிட்டார். அப்படிச் சொல்ல அறிவியலில் ஆதாரமில்லை என்று 1932-இல் மறுத்தவர் இன்னொரு ஆங்கிலப் பொருளியலாளர் லயனல் ராபின்ஸ். 1938-இல் எழுதிய சிறு கட்டுரையில் அதற்குக் காரணம் சொன்னார். அதில் வருவது நம் நாட்டுக் கதை. எல்லோருடைய மகிழ்ச்சியையும் சம எடையில் கூட்டி, மொத்தம் பெருகும் வழியே சரி என்பது தத்துவவாதி பெந்தாமின் கொள்கை. ஓர் அதிகாரி அதை ஒரு பிராமணருக்கு விளக்குகிறார். அவரோ, அங்கே நிற்கும் தீண்டத்தகாதவனைவிட மகிழ்ச்சியை உணரும் திறன் தனக்குப் பத்து மடங்கு அதிகம், ஆகவே இது சரியாகாது என்கிறார். ராபின்ஸுக்கு அந்தப் பேச்சில் துளியும் உடன்பாடில்லை. ஆனால் எல்லோரையும் சமமாக எடுத்துக்கொள்வது அறத்திலிருந்து வருவது, அதை அறிவியலால் நிறுவ முடியாது என்றார். அவ்வளவுதான். சமமென்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதை அவர் தடுக்கவில்லை.

நாமோ கதையை விட்டுவிட்டு முடிவை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம், அதுவும் ஒருவரின் பசியும் வலியும் பிறப்பை வைத்து எடைபோடப்பட்ட நாட்டில்.

அப்புறம், ஒப்பிடாமல் இருக்கிறோம் என்பதே உண்மையில்லை. மேம்பாலத்துக்கான செலவு-பயன் கணக்கில் எல்லோருடைய ரூபாயையும் அப்படியே கூட்டினால், பூக்காரம்மாவின் ரூபாயும் கார்க்காரரின் ரூபாயும் ஒரே எடை என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பிரிட்டன் நிதித்துறையின் 'கிரீன் புக்' என்ற செலவு-பயன் வழிகாட்டி இந்த ஒப்பீட்டை வெளிப்படையாகவே செய்கிறது, ஆனால் ஏழையின் பணத்துக்குக் கூடுதல் எடை கொடுத்து. அதன் 2022 பதிப்பின் முறைப்படி, வருமானம் நடுத்தர அளவில் பாதியாக இருப்பவருக்குக் கிடைக்கும் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு எடை வரும்.

துல்லியமாக அளக்க முடியாதே என்பீர்கள். சரி. ஆனால் ரோம் எரிந்தபோது நீரோவுக்குக் கிடைத்த இன்பத்தைவிட ஊரார் பட்ட துன்பம் பெரிது என்று சொல்ல எந்தத் தராசு வேண்டும்? அரைகுறை ஒப்பீட்டைக் கொண்டே எவ்வளவு தூரம் போகலாம் என்று அமர்த்திய சென் 1970-இலேயே கணிதமாகக் காட்டிவிட்டார்.

ராபின்ஸின் அந்தக் கட்டுரையையும் அரைகுறை ஒப்பீடு பற்றி சென் எழுதியதையும் நலப் பொருளியல் அலகில் சேருங்கள். தேர்வில் "ஒப்பிட முடியாது, ஏன்?" என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பதை விட்டுவிட்டு, அந்த மாணவி கேட்டதையே பத்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு பொருளியல் ஆசிரியர்