இன்ஜின் மாற்றிய அம்பாசடரில் ஆயில் பிரஷர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அம்பாசடரில் தேய்ந்துபோன 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, கான்டெஸா கிளாசிக்கில் வந்த 1817 சி.சி. இசுசு இன்ஜினைச் சிலர் ஏற்றுகிறார்கள். வேறு வண்டியில் கழற்றிய அதே 1489 இன்ஜினை வாங்கி மாட்டுபவர்களும் உண்டு. எதை மாட்டினாலும் அடிக்கடி எழும் புகார், "ஆயில் பிரஷர் காட்டவில்லை" என்பது. "பேரிங் போச்சு, இன்ஜினை மறுபடி இறக்கணும்" என்று பட்டறையில் உடனே சொல்லிவிடுகிறார்கள். அளக்காமல் இப்படிச் சொல்வது தவறு. நல்ல இன்ஜின்கள் இதனால் வீணாகப் பிரிக்கப்படுகின்றன.

முதலில் சந்தேகிக்க வேண்டியது மீட்டரை. எலக்ட்ரிக் மீட்டருக்கும், பிரஷரை உணர்ந்து அதற்குத் தகவல் அனுப்ப இன்ஜினில் இருக்கும் சென்டருக்கும் (sender) ஓம் கணக்கு, அதாவது மின்தடை அளவு, ஒத்துப்போக வேண்டும். அமெரிக்க வகை சென்டர், பிரஷர் இல்லாதபோது 240 ஓம், முழுப் பிரஷரில் 33 ஓம். ஐரோப்பிய வகையில் 10 ஓமில் தொடங்கி 180 வரை ஏறும். ஒன்றின் மீட்டரை மற்றதன் சென்டரோடு இணைத்தால் முள் தலைகீழாக நகரும். சென்டருக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாகத்தான். அங்கே டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினாலும், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையை மாட்ட மறந்தாலும் முள் பொய் சொல்லும். ஆயில் விளக்கு அணைந்துவிட்டதே என்று நிம்மதி அடையவும் கூடாது. அந்த விளக்கை இயக்கும் சுவிட்ச் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ.யிலேயே (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) விளக்கை அணைத்துவிடும்.

ஆகவே சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் 0–100 பி.எஸ்.ஐ. மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். அடாப்டரின் மரை வகையைப் பாருங்கள்: 1/8 அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் வகை) மரை அங்குலத்துக்கு 28, என்.பி.டி. (அமெரிக்க வகை) 27. தப்பான அடாப்டரும் இரண்டு மூன்று சுற்று இலகுவாக ஏறிவிட்டுப் பிறகுதான் இறுகும். அதற்கு மேல் ஸ்பேனரால் அழுத்தினால் மரை கெடும், வார்ப்பே விரிசல் விடலாம். கேஜ் மாட்டியதும் நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஒன்று, இருபது நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு ஐட்லிங்கில், 2000 ஆர்.பி.எம்.மில், 3000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொன்று. சூடான இன்ஜினில் ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.முக்கும் 10 பி.எஸ்.ஐ. இருந்தால் பயமில்லை.

இந்த நான்கு எண்களே பாதி வேலையை முடித்துவிடும். குளிரில் நன்றாக இருந்து, சூடான ஐட்லிங்கில் மட்டும் விழுந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் ஏறினால் ஆயில் நீர்த்துவிட்டது அல்லது கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கின் இடைவெளி கூடிவிட்டது. குளிரிலும் சூட்டிலும் குறைவாகவே இருந்து, வேகம் கூட்டியும் ஏறாவிட்டால் பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், பம்ப் காற்றை இழுக்கலாம், அல்லது பிளாக்கைக் கழுவும்போது எடுத்த கேலரி பிளக் (ஆயில் பாதையின் முனையை அடைக்கும் மூடி) திரும்பப் போடப்படாமல் இருக்கலாம். வேகம் கூடக்கூட முள் துடித்துக் கீழே இறங்கினாலோ, பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் விழுந்தாலோ கோளாறு, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சேம்பரில்.

இன்ஜின் மாற்றிய வண்டிகளில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இந்தச் சேம்பர்தான். வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் இடிக்கிறதென்று அதை வெட்டி வெல்டிங் செய்கிறார்கள். பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னருக்கும் சேம்பரின் அடித்தட்டுக்கும் இடைவெளி 6 முதல் 10 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் ஆயில் போதிய அளவு ஏறாது. கூடினால் மட்டம் சற்றுச் சாயும்போதே காற்றை இழுக்கும். ஸ்ட்ரெய்னரின் அடிப்பக்கத்தில் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை ஒட்டி, பேக்கிங்கோடு சேம்பரை மாட்டிக் கழற்றி, நசுங்கிய மாவின் தடிமனை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். உறிஞ்சு குழாயின் பேக்கிங் சரியில்லாவிட்டால் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, உள்ளே காற்று மட்டும் புகும். அதனால்தான் இது கண்ணுக்குத் தப்புகிறது. சிலிக்கான் பேஸ்டை அள்ளிப் பூசுவதும் ஆபத்து. உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். சேம்பரை வெட்டினால் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியின் பழைய கோடும் செல்லாது. ஆயில் மட்டம் கிராங்க்கைத் தொடும் அளவுக்கு ஊற்றினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் பிரஷர் நிற்காது.

ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பது பரவலான வைத்தியம். சூடான ஐட்லிங்கில் அந்த வால்வு மூடியேதான் இருக்கும். வாஷர் வைத்தால் உச்சப் பிரஷர் கூடுமே தவிர, சூடான ஐட்லிங்கில் ஒரு பி.எஸ்.ஐ.கூட ஏறாது. வால்வுக்குள் நகரும் பிளஞ்சரைக் கழற்றி, வரிவரியாகக் கீறல் இருக்கிறதா, தன் எடையிலேயே வழுக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்குரிய கிரேடைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றிக் குறையை மறைப்பதும் இதே ரகம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எண்கள் தேறவில்லை என்றால் பேரிங்கைத் திறக்கலாம். அதற்கு முன் பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். மினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டாவிட்டால் அது பேரிங் உலோகமாக இருக்க வாய்ப்பு அதிகம். திறந்தால் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து அளக்க வேண்டும். பேரிங்கில் சுழலும் கிராங்க் பகுதியான ஜர்னலின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 0.001 அங்குலம் இடைவெளி என்பது பொதுக் கணக்கு. 10 தவ் (0.010 அங்குலம்) கிரைண்டிங் செய்து சிறுத்த கிராங்க்கில் ஸ்டாண்டர்டு அளவு ஷெல் (பேரிங் ஓடு) போட்டிருக்கிறார்களா, ஷெல்லின் துளை பிளாக்கின் ஆயில் துளையோடு நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நெடுநாள் கிடந்த இன்ஜினில் பம்ப் வறண்டிருக்கும். பம்பில் வாசலின் நிரப்பி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றி, கேஜில் முள் எழுந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பட்டறை நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை. இன்ஜின் மாற்றிய வண்டியை ஒப்படைக்கும்போது, மேலே சொன்ன நான்கு அளவுகளையும் ஊற்றிய ஆயிலின் கிரேடையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்துப் புகார் வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்,
கோயம்புத்தூர்